துடுப்புப் புத்தகம் படித்தவர்

அண்ணனூரில் ரயில் கிளம்பும்போது எழும் இழுவைச் சத்தம் இன்றும் காதில் விழுகிறது. உடனே, அதே ரயிலில் என் எதிரே உட்கார்ந்து வந்த படகுப் போட்டிக்காரர் ஒருவரின் ஞாபகம் வந்துவிடுகிறது.

அகன்ற தோள், காய்த்துப்போன உள்ளங்கை, முப்பதைத் தாண்டிய வயது. ரயில் போகும் திசைக்கு முதுகைக் காட்டியே உட்காருவார். படகில் துடுப்பு போடுகிறவர்களுக்கு அப்படித்தான் பழக்கமாம். மடியில் துடுப்புப் பயிற்சிப் புத்தகம் ஒன்று திறந்திருக்கும். "கால், முதுகு, கை" என்று முணுமுணுத்தபடியே வருவார். வரும் ஞாயிற்றுக்கிழமை படகுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு; வயது வரம்பால் அவருக்கு அதுவே கடைசி வாய்ப்பு.

"புக்கு படிச்சா படகு வேகமா போகுமா தம்பி?" என்று அந்த வெள்ளிக்கிழமை கேட்டே விட்டேன்.

"நாலு வருசமா கால் தள்றதுக்கு முன்னாடியே கையால இழுத்துகினு இருந்தேன் அண்ணாத்தே. ஒருத்தரும் சொல்லல. இதான் சொல்லிச்சு."

"அப்ப வேகம் கூடியிருக்கணுமே."

"கொறைஞ்சில்ல கீது. கால் முடிஞ்சிதா, முதுகு சாஞ்சிதான்னு யோசிக்கிறேன். அதுக்குள்ள பக்கத்து படகு போய்கினே கீது."

பழையபடியே போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தப்பு தெரிந்த பிறகு அதுவும் அவரால் முடியாது என்று தோன்றியது.

அம்பத்தூரில் இறங்க எழுந்தேன். அவர் புத்தகத்தை மூடி என் பையில் திணித்தார்.

"ஞாயித்துக்கெழம தாண்டற வரிக்கும் நீங்களே வச்சிக்கினு இருங்க. எங்கிட்ட இருந்தா நடுத்தண்ணில கூட தொறந்து பாத்துருவேன்."