பெரியவருக்கு டி, சின்னவருக்கு இ

1. சிவப்புக் கோடு

“மேடம், சி டிரைவ் செவந்துடுச்சி. ஜல்தி வாங்க.”

திண்டிவனத்திலிருந்து வந்த போன் அவ்வளவுதான். டிரைவில் இடம் தீரப்போகிறது என்றால் கம்ப்யூட்டர் அதன் கோட்டைச் சிவப்பாக்கிக் காட்டும். பேசியவர் ஏழுமலை. அவரும் தம்பி சேகரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சேர்ந்து ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். அண்ணன் போட்டோ, தம்பி வீடியோ. அந்த வட்டாரத்தில் யார் தாலி கட்டினாலும் எதிரே இவர்கள் இருவரும்தான் நிற்பார்கள். உறவுக்காரர்கள் இவர்கள் முதுகைப் பார்த்து அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

நான் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்று மூன்றில் இந்த வேலைக்கு வந்தபோது ஒரு முழு ஹார்ட் டிஸ்கில் இருந்த இடம், இன்றைக்கு மொபைலில் எடுக்கிற இருபது செல்பிக்குப் போதாது. அதில் ஒரு ஆபீஸின் சம்பளக் கணக்கு முழுவதும் அடங்கியது. மிச்ச இடத்தில் மேனேஜர் சீட்டும் ஆடினார். பிறகு வருடா வருடம் டிஸ்க் பெரிதாகிக்கொண்டே போனது, இடம் போதவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறவர்களும் வருடா வருடம் கூடிக்கொண்டே போனார்கள்.

இது விண்டோஸ் ஏழு வந்த புதிது. கரண்ட் எப்போது போகும் என்று பார்த்து ஊரே மாவாட்டிக்கொண்டிருந்த காலம். பஸ் பிடித்துப் போய்க் கடை வாசலில் நின்றேன். ஏழுமலை என் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

“சார் வரலீங்களா மேடம்?”

“சார் வீட்ல துணி காய வெச்சிக்கினு இருக்காரு. நான்தான் மெக்கானிக்.”

போனில் என்னைக் கூப்பிட்டவரே அவர்தான். போன தடவை அந்தக் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்ததும் நான்தான். அன்றைக்கும் இதையேதான் கேட்டார்.

உள்ளே பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் கன்னியம்மா, மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம். மகளின் கல்யாண வீடியோவைக் கேட்டுப் பல தடவை நடந்துவிட்டாராம். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அவர் புருஷன் ஒரு காலை கரையேறி, வலையை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கிறார். அதோடு சரி. ஆல்பத்தைத் திறந்து பார்த்தால், பந்திக்கும் பந்தலுக்கும் ஓடிக்கொண்டிருந்த அந்த மனிதர் ஒன்றில் முதுகாக விழுந்திருக்கிறார், இன்னொன்றில் பாதிக் காதாக. மேடையில் நிற்க வைத்து எடுத்த ஒரே படத்திலும் கண்ணை மூடியிருந்தார். இனி வீடியோவில் இருந்தால்தான் உண்டு.

“டேப்ப எடுத்துப் பாக்கக் கூடாதா?” என்று நான் கேட்டேன்.

“அத அப்பவே அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுட்டோம் மேடம்” என்றார் சேகர்.

அது தொழில் வழக்கம். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் அதே டேப்பின்மேல் அடுத்த முகூர்த்தத்தை எடுத்துவிடுவார்கள். ஆக, கன்னியம்மாவின் புருஷன் அசைந்து நடமாடுவது இனி இந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான். அந்த டிஸ்கிலோ இடம் இல்லை என்று, வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கிற மிக்சிங் வேலை ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

2. பாகம்

கம்ப்யூட்டரைத் திறந்தேன். டி டிரைவுக்கு ‘ஏழுமலை’ என்று பெயர். இ டிரைவுக்கு ‘சேகர்’. சி டிரைவுக்கு ‘பொது’.

விசாரித்தேன். சொந்த ஊரான காணையில் அப்பா விட்டுப்போன கரும்புக் கொல்லையைப் பாகம் பிரித்த சூட்டோடு இந்தக் கம்ப்யூட்டரை வாங்கியிருக்கிறார்கள். கை பழகியிருந்ததால் இதையும் பிரித்துவிட்டார்கள். மாமா ஒருவர் வந்து முன்னால் உட்கார, அண்ணனுக்கு இவ்வளவு, தம்பிக்கு இவ்வளவு என்று அளந்து, விண்டோஸுக்கு வரப்பு அளவுக்கு ஒரு துண்டு ஒதுக்கினார்களாம். விண்டோஸ் அங்கே சம்சாரம் நடத்த வேண்டும் என்பது மாமாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தக் கடையில் பொது என்று பெயர் வாங்கிய எதுவும் உருப்பட்டதில்லை. பின்பக்கத்துக் கக்கூஸ் பொது, அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. யூபிஎஸ் பொது, பேட்டரி செத்து யார் மாற்றுவது என்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.

குப்பையெல்லாம் அழித்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு நகம் அளவுக்குக்கூட இறங்கவில்லை. சரி, சுலபமான வழி ஒன்று இருக்கிறதே என்று சேகரிடம் சொன்னேன்.

“மிக்சிங் சாஃப்ட்வேர் அப்பப்ப எழுதிப் போடற டெம்ப் ஃபைல் எல்லாம் சி-லதான் போயி விழுது. அத உங்க இ டிரைவுக்கு மாத்திடறேன். அங்க எடம் சும்மாதான கெடக்குது?”

“அதெப்பிடி மேடம்? டெம்ப்பு பொதுக் காரியம். எம் பாகத்துல எதுக்குக் கொட்டணும்?”

“அப்ப அண்ணன் பாகத்துல?”

“என்துல போட்டோவே ரொம்பி வழியுதுங்க” என்றார் ஏழுமலை, தம்பியைப் பார்க்காமல்.

3. மூன்று பேர் சீட்டு

அப்படியானால் சி டிரைவைப் பெரிதாக்க வேண்டியதுதான். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யின்மேல் ரைட் கிளிக் செய்தால் டிரைவைப் பெரிதாக்குகிற ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ அழுத்த முடியாமல் மங்கலாகக் கிடந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் பாதிப்பேர் இங்கேதான் திகைத்து நிற்பார்கள். சி-க்கு இடம் வேண்டும் என்றால், காலி இடம் சி-யை ஒட்டி வலது பக்கத்தில் இருக்க வேண்டும். டிஸ்கில் வேறெங்கோ காலியாகக் கிடந்து பிரயோசனம் இல்லை.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஓரத்தில் சி பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருக்கிறது. அந்த ஓரத்தில் இ சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் டி. இ ஒடுங்கி உட்கார்ந்தால் மட்டும் போதாது, டி-யும் எழுந்து நகர்ந்து உட்கார வேண்டும். அப்போதுதான் சி-க்கு இடம் கிடைக்கும். இதைச் செய்வதற்குத் தனி சாஃப்ட்வேர் உண்டு. மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் டி-யில் உள்ளதெல்லாம் பரலோகம் போய்ச் சேரும்.

இதையே இருவருக்கும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“எடம் குடுக்கறது அவன். நான் எதுக்கு நகரணும்?” என்றார் ஏழுமலை.

“எடமும் நான் குடுக்கணும், அது பொதுவுக்குப் போவணும். அவரு சும்மா நகர்ந்துட்டா சமமாயிடுமா?” என்றார் சேகர்.

பேச்சு கொல்லைக்குப் போனது, அங்கிருந்து போர்வெல்லுக்கு, அதற்குப் பிறகு யாரோ ஒருவரின் நகைக்கு. நான் மௌஸைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் குடும்பத்தின் சொத்து வரலாற்றை எந்தக் கட்டணமும் இல்லாமல் கற்றுக்கொண்டிருந்தேன். கன்னியம்மா பெஞ்சிலிருந்து எழுந்தார்.

“யோவ், உங்க கொல்லைய நான் கேக்கல. அந்த மனுசன் உள்ள மாட்டிக்கினு கீறாரு. மொதல்ல அவர வெளிய உடுங்க. அப்பால அடிச்சிக்கினு சாவுங்க.”

ஏழுமலை நகரச் சம்மதித்து, போய் போட்டோ பிரிண்டருக்காகத் தான் தனியாக வைத்திருந்த இன்வெர்ட்டரிலிருந்து ஒயரை இழுத்துக்கொண்டு வந்தார். சேகர் தன் பாகத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார். டிஸ்கைத் தொடுவதற்கு முன்னால் ஏழுமலையின் போட்டோக்களையும் கன்னியம்மா வீட்டுக் கல்யாணத்தையும் என் எக்ஸ்டர்னல் டிஸ்கில் முழுசாக காப்பி எடுத்துக்கொண்டேன். காப்பி எடுக்காமல் பார்ட்டிஷனில் கை வைக்கிறவர்களோடு நான் டீ கூடக் குடிப்பதில்லை.

4. வேஸ்ட் ஃபுட்டேஜ்

வேலை ஓட ஆரம்பித்தது. நிலம் அளக்கிற இடத்தில் சங்கிலி பிடித்து நிற்பவர் மாதிரி ஏழுமலை திரையை விட்டு நகரவில்லை. அது முடியும்வரை யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. கன்னியம்மா என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, உன் பொட்டியில எடுத்தியே, அதுல அவரு கீறாரா?”

“எல்லாமே இருக்குக்கா. மிக்சிங்குதான் பண்ணல.”

“பண்ணாட்டி பாக்க முடியாதா?”

இந்தக் கேள்வி எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் லேப்டாப்பில் போட்டுவிட்டேன். எதுவும் வெட்டாத, ஒட்டாத படம். நாதஸ்வரம், குழந்தைகளின் அழுகை, யாரோ செருப்பைத் தேடுவது. கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்தபோது சமையல் பந்தல் வந்தது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் சாம்பார் வாளியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது.

“என்னிய இன்னாத்துக்குப்பா புடிக்கிற? மேடையாண்ட போ. போயி பொண்ணப் புடி.”

பிறகு வேறு பக்கம் திரும்பினார். “கன்னி, நீ துன்னியா?”

“ஆச்சி, ஆச்சி” என்று படத்துக்கு வெளியிலிருந்து கன்னியம்மாவின் குரல் கேட்டது.

பெஞ்சில் இருந்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அன்னிக்கு நான் துன்னவேயில்லம்மா. சும்மா சொன்னேன். இன்னொரு தபா போடு.”

போட்டேன். எத்தனை தடவை கேட்டாரோ அத்தனை தடவையும் போட்டேன். நடுவில் லேப்டாப் ஒயரைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

பிறகு அவர் சேகரைக் கேட்டார். “நீ குடுக்கற கேசட்டுல இவரு பேசறது இப்பிடியே கேக்குமா?”

சேகர் பொய் சொல்லத் தெரியாதவர், அது ஒன்று அவரிடம் நல்ல குணம். “கேக்காதுங்க. சவுண்ட மியூட் பண்ணிட்டு சினிமாப் பாட்டுதான் போடுவோம். சமையக்கட்டு சீன் எல்லாம் வேஸ்ட் ஃபுட்டேஜ்னு வெட்டிடுவோம்.”

“அப்ப இத்தினி நாளா எடம் இல்ல, எடம் இல்லன்னு இன்னாத்துக்குய்யா என்னிய ஒக்கார வெச்ச?”

ரோஜாப்பூ பறந்து வந்து விழுவதற்கும், மாப்பிள்ளையும் பெண்ணும் இதயத்துக்குள் சுற்றுவதற்கும்தான் அந்த இடம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இத்தனை பஞ்சாயத்து. எல்லாம் நல்லபடியாக நடந்து சி டிரைவுக்கு முதலிலேயே இடம் கிடைத்திருந்தால், அந்தக் குரலை அழகாக வெட்டி எறிந்துவிட்டு, மேலே ஒரு டூயட்டையும் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

கரண்ட் ஒரு தடவை போய் வந்தது, இன்வெர்ட்டர் தாங்கிக்கொண்டது. வேலை முடிந்து சிவப்புக் கோடு நீலமானது. சேகர் அன்றைக்கே உட்கார்ந்து, பாட்டும் இல்லாமல் பூவும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி டிவிடியில் போட்டுக் கொடுத்தார். சேகர் விட்டுக்கொடுத்த இடத்துக்கு ஈடாக என்ன தருவது என்று அண்ணன் தம்பி பேச ஆரம்பித்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு யார் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னாலும், “இதுல எது போனா உங்களுக்குத் தாங்காது?” என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவேன். இதுவரை யாரும் அதற்கு ஜிபி கணக்கில் பதில் சொன்னதில்லை.