அண்ணரின் மழைத்தண்ணீர்க் கலன்

எங்கள் அண்ணர் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமமொன்றில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். கடைசிப் பிள்ளை நான். சரக்கின் தரம் எப்படி இறங்கியதென்பதை நீங்களே கண்டுகொள்ளலாம். யுத்தத்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தளம் பக்கத்துக் கற்பிட்டிக்கு வந்தபோது, அண்ணர் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றார். பின்னர் லொறி ஓட்டினார். அக்காமார் இருவரையும் கரைசேர்த்தார். என்னைப் படிப்பிக்கவும் முயன்றார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி எங்களையெல்லாம் ஊர் பார்க்க ஏற்றிச் சென்றார். கூரையில்லாத வீட்டைக் கண்டு நாங்கள் அழுதுகொண்டிருக்க, அவர் வெளியே நின்று நாலு டயரையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுது முடிச்சிட்டு ஏறுங்கோ. திரும்பிப் போகவேணுமெல்லே" என்றார்.

நாள்தோறும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பொனற்றைத் திறப்பார். ஒயில் குச்சியைத் துடைத்துப் பார்ப்பார். பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். அது ரேடியேற்றரை அரித்துவிடும் என்பதால், கூரையில் விழும் மழைத்தண்ணீரைப் பிடித்து ஒரு கலனில் காருக்கென்றே வைத்திருப்பார்.

கண்ணில் வெண்புரை வந்ததும் காரை என்னிடம் தந்தார். நான் முன்னால் தேசிக்காயும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டேன். பராமரிப்பு அத்துடன் முடிந்தது.

கிணற்றுத் தண்ணீரில் போடும் தேத்தண்ணி கரிக்கும். மழைத்தண்ணீரில் போட்டால் அமிர்தம். ஆகவே கலனில் இருந்ததை நான் தேத்தண்ணிக்கு எடுத்துக்கொண்டு, ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவந்தேன். ஒருநாள் அண்ணர் பிடித்துவிட்டார்.

"டேய், காரின்ரை தண்ணியை நீ குடிச்சிட்டு, உன்ரை தண்ணியைக் காருக்குக் குடுக்கிறியோ?"

"கார் ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை."

"அது வாயாலை சொல்லாது. ஒருநாளைக்கு நடுறோட்டிலை நிண்டு சொல்லும்."

நான் சிரித்தேன். இரண்டாவது கோப்பையையும் குடித்தேன்.

சென்ற வருடம் ஒரு முற்பகலில் அண்ணருக்கு நெஞ்சுவலி வந்தது. பின் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு புத்தளம் ஆஸ்பத்திரிக்கு விரைந்தேன். வழியிலுள்ள பாலாவிக்கே இன்னும் தூரம் கிடந்தது. சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. பொனற்றுக்குள் இருந்து ஆவி கிளம்பியது. அரித்துப்போன ரேடியேற்றர் ஒழுகித் தீர்ந்திருந்தது.

நிறுத்தினேன். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. கையில் துவாயைச் சுற்றிக்கொண்டு ரேடியேற்றர் மூடியைத் திறக்கப் பாய்ந்தேன். பின்னால் இருந்து, மூச்சு எடுக்க முடியாத மனிதர் கத்தினார்:

"மூடியிலை கைவையாதை! கொதிதண்ணி அடிக்கும்... முகம் வெந்துபோம்... ஆறட்டும்."

ஆறுவதற்கு எங்களிடம் நேரம் இருக்கவில்லை. றோட்டின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தேன். இரண்டு வாகனங்கள் விலத்திக்கொண்டு போயின. மூன்றாவதாக வந்த வெங்காய லொறி நின்றது. அதன் முஸ்லிம் சாரதி இறங்கி ஓடிவந்தார்.

"தம்பி, காரப் பாக்காதீங்க, அது கெடக்கட்டும். பின்னால கெடக்குற காக்காவத் தூக்குங்க!"

லொறியின் முன் ஆசனத்தில் அண்ணரை அணைத்துப் பிடித்திருந்தேன். அவர் கை என் முகத்தைத் தடவித் தேடியது.

"சுட்டுதோடா?"

"இல்லை அண்ணை."

அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. அன்று பின்னேரம் அண்ணர் எங்களை விட்டுப் போனார்.

காரோடு றோட்டில் நின்ற நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டொக்டரைக் கேட்டேன். அவர் என் தோளில் கையை வைத்தார். இந்த ஒரு வருடமாக எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டு அந்தக் கேள்வியோடுதான் திரிகிறேன். கண்ணாடியில் முகம் பார்க்கும்போதெல்லாம், காயமில்லாத இந்த முகம் அவர் தந்தது என்பதைத் தாங்க முடியவில்லை.

நான் பிறகு தேடிக் கண்டுபிடித்தபோது நன்றி சொல்லவும் விடாமல் என்னைக் கட்டிப்பிடித்த அந்த லொறிக்கார நானாவுக்கும், அண்ணியைத் தனியே விடாது பார்த்த அயலவருக்கும், இறுதிவரை கூடநின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

ஆண்டுத் திவசத்துக்கு வாகனத்தில் வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் மழைத்தண்ணீர்ப் பீப்பாய் வைத்திருக்கிறேன். சாப்பிட்டு, கதைத்து, எஞ்சின் நன்றாக ஆறிய பின்னர் ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். குறைந்திருந்தால் அள்ளி ஊற்றிக்கொண்டு போங்கள்.

தேத்தண்ணி கிணற்றுத் தண்ணீரில்தான் தருவோம். கரிக்கும். பொறுத்துக் குடியுங்கள்.