மைனஸ் ஒன்பது டிகிரியில் இரண்டு இன்சுலின் பேனா: கார் ஃபிரிட்ஜோடு ஜவ்வாது மலைக்குப் போன கதை

காரில் வைத்து எடுத்துப்போகும் சின்ன ஃபிரிட்ஜ் வாங்கலாமா வேண்டாமா என்று இந்தப் பக்கத்தில் சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதிலாக ஒரு பயணக் குறிப்பு எழுதுவதாகத்தான் எண்ணியிருந்தேன். மணிக்கொரு முறை எத்தனை டிகிரி காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு வந்து போட்டால் உங்களுக்கு உதவும் என்று நினைத்தேன். குறித்தேன். அந்தக் குறிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

போன மே மாதம், எங்கள் தொழிற்சாலைக்கு விடுமுறையாக இருந்த ஒரு சனிக்கிழமை. நான் வல்லம் வடகாலில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். என்னோடு ஹாஸ்டல் அறையில் தங்கியிருக்கும் மாரி அங்கேயே லைனில் வேலை செய்கிறாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், என் வயதுதான். பதினேழு வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு இன்சுலின், படுக்கும்முன் இன்னொன்று. இரண்டும் பேனா மாதிரி இருக்கும். எங்கள் அறையில் ஃபிரிட்ஜ் கிடையாது. தகரக் கூரை. ஈரமணலில் வைத்த மண்கலயத்துக்குள் அவற்றை வைத்திருப்பாள். அதனால் வீடு, ஹாஸ்டல் தவிர வேறெங்கும் அவள் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்கும் போகவில்லை, சொந்தக்காரர் கல்யாணங்களுக்கும் போகவில்லை.

எங்கள் லைன் லீடர் தேவி அக்கா வல்லக்கோட்டைக்காரர். சொந்தமாகக் கார் ஓட்டுவார். அவர் பதினெட்டு லிட்டர் கார் ஃபிரிட்ஜ் ஒன்றைப் பதினாறாயிரத்துக்கு வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் மாரிக்கு முகமே மாறிவிட்டது. அதில் கோழிக்கறி எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலையில் ஒரு ராத்திரி தங்கப் போகலாம் என்று அக்கா கூப்பிட்டிருந்தார்; தன் மருந்தையும் அதில் வைத்துக்கொள்ளலாமா என்று மாரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அதுக்கின்னாமா, உன் மருந்து இன்னா எடத்தயா அடைக்கப்போகுது? கறியாண்ட ஒரு ஓரமா வச்சிகினு வா" என்றார் அக்கா.

முதல் நாள் மாலை பையை அடுக்கும்போது மாரி என்னிடம் சொன்னாள்: "கௌசி, ரெண்டுலருந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும். உறஞ்சிரக் கூடாது, அதான் முக்கியம்." அக்காவிடமும் சொல்லிவிடேன் என்றேன். "அவங்க வண்டி, அவங்க ஃபிரிட்ஜு. வாங்குன அன்னைக்கே சட்டம் பேசுனா நல்லாவா இருக்கும்? நீதான் அது பக்கத்துல உக்காரப் போற" என்றாள்.

காலை 5.20க்கு ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து கிளம்பினோம். மலைப்பாதையில் வாந்தி வரும் என்பதால் மாரி முன்சீட்டில். பின்சீட்டில் நானும், பெல்ட் போட்டுக் கட்டிய ஃபிரிட்ஜும். கார் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வயர்தான் அதற்கு. மூடியின் மேல் டிகிரி காட்டும் சின்னத் திரை, கூட்டக் குறைக்க இரண்டு பொத்தான். சத்தம் கிட்டத்தட்ட இல்லை. 6 மணிக்கு 5 டிகிரி. நோட்டில் எழுதினேன்.

"இன்னா இஞ்சினியரம்மா, ஃபிரிட்ஜுக்கும் இன்ஸ்பெக்‌ஷனா? ரிஜெக்ட்டுனு சீல் குத்திடாத தாயே!" கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார் அக்கா.

நானும் சிரித்தேன். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். தொழிற்சாலையில் ஒரு பாகத்தைத் தள்ளிவைத்தால் போதும், "படிச்ச திமிரு" என்று என் காதில் விழுகிற மாதிரி பேசுவார்கள். அன்றைக்காவது யாரையும் திருத்தாமல், யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் சும்மா ஒருத்தியாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

6.25க்குக் காஞ்சிபுரம், 35 கிலோமீட்டர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி, பொங்கல். மூவருக்கும் 240 ரூபாய். சாப்பிடும்முன் மாரி கைப்பையில் வைத்திருந்த பேனாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதையும் ஏன் வெயிலில் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்று அக்கா வாங்கி, ஃபிரிட்ஜுக்குள் இருந்த இன்னொரு பேனாவின் பக்கத்தில், அடியில் செருகினார். அப்படியே மசாலா தடவிய கோழியை அழுத்திப் பார்த்தார்.

"கொழகொழன்னு கீதே. மலை ஏர்றதுக்குள்ள நாறிடும்." பொத்தானை அமுக்கிக்கொண்டே போனார். மைனஸ் பத்தில் நிறுத்தினார். மாரி அப்போது கை கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காஞ்சிபுரத்தை விட்டுச் செய்யாறு, ஆரணி, போளூர் வழி. சாலை நன்றாக இருக்கிறது, ஆரணிக்குப் பிறகு கூட்டமும் குறைவு. 8 மணிக்குத் திரை மைனஸ் 3 காட்டியது. எழுதி, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன்.

அந்த வட்டத்தை விளக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் வார்ப்பு இயந்திரங்களின் சூட்டை மணிக்கொரு தடவை நான் தாளில் குறிப்பேன். அளவு தப்பினால் சிவப்பு வட்டம் போட்டு இயந்திரத்திலேயே மாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். பொத்தானில் கை வைக்கும் உரிமை செட்டருக்கு மட்டும்தான். அவர் அரை மணிக்கொரு தடவை சுற்றி வருவார், வட்டத்தைப் பார்ப்பார், சரிசெய்வார். இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரிடமும் வாய் திறந்து சொல்வதில்லை. இரண்டு வருடமாக எனக்கு அதுதான் வேலை. எழுதி வட்டம் போட்டால் என் கடமை முடிந்தது என்று கையே பழகிவிட்டது.

காரில் செட்டர் இல்லை. என் நோட்டை வந்து பார்ப்பவர் யாரும் இல்லை. 9 மணிக்கு மைனஸ் 9, வட்டம். 10 மணிக்கும் மைனஸ் 9, வட்டம். ஒவ்வொரு முறையும், அடுத்து வண்டி நிற்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். போளூரில் நின்றோம். அக்கா வெங்காயம் பேரம் பேசி, ஏதோ ஜோக் அடித்து, மாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதில் போய் ஒன்றைச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். அந்த மருந்துப் பேனாக்களின் மேல் துணி கிடக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 11 மணிக்கு மைனஸ் 10. நான்காவது வட்டம்.

11.40க்கு ஜமுனாமரத்தூரைத் தாண்டி நாங்கள் பேசிவைத்திருந்த தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரகடத்திலிருந்து 168 கிலோமீட்டர். கூடாரம் போட ஆளுக்கு 600 ரூபாய், கழிப்பறை சுத்தம், செல்போன் சிக்னல் ஒரு மேட்டில் மட்டும். தோட்டக்காரர் பலாப்பழம் அறுத்து மலைத்தேனை ஊற்றிக் கொடுத்தார். மாரி ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "ஒரு மணி நேரத்துல சாப்பாடு. அதுக்குச் சேத்துப் போட்டுக்கிடுறேன்" என்று மூன்று சுளை சாப்பிட்டாள். விரலில் வழிந்த தேனையும் விடவில்லை.

12.45க்குச் சோறு தயார். மாரி ஃபிரிட்ஜைத் திறந்து பேனாவை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். குலுக்கினாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் பிடித்துப் பார்த்தாள்.

"கௌசி, உள்ள கட்டியா கெடக்கு."

அக்கா ஓடி வந்தார். "வெயில்ல கொஞ்ச நேரம் வச்சா கரைஞ்சிடாதா?"

"கரைஞ்சாலும் ஆவாதுக்கா. ஒருக்கா உறஞ்சா தூரப் போட வேண்டியதுதான்."

"ஐயோ, எனக்கு இன்னா தெரியும்? மருந்துன்னா ஜில்லுன்னு இருந்தா நல்லதுன்னுதான நெனச்சேன். யார்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நான் கையில் இருந்த நோட்டை மூடிக் காரின் பின்சீட்டில் போட்டேன்.

விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை 238. உள்ளூர் மருந்துக்கடையில் அந்த வகை தீர்ந்துவிட்டது, போளூரில் பாருங்கள் என்றார்கள். சோற்றை அப்படியே மூடிவிட்டு 1 மணிக்கு இறங்கினோம். நாற்பது கிலோமீட்டர் வளைவுகள். அக்கா வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி ஓட்டினார். மாரி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தபடி வந்தாள். இரண்டு தடவை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். மலைப்பாதையாலா, சர்க்கரையாலா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

2.30க்குப் போளூர். சர்க்கரை 312. முதல் இரண்டு கடையில் இல்லை. மூன்றாவதில் இருந்தது. செல்போனில் இருந்த மருந்துச் சீட்டின் படத்தைக் காட்டி வாங்கிக் கடை வாசல் பெஞ்சிலேயே போட்டுக்கொண்டாள். மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று குறித்துவைக்கத் தாள் கேட்டாள். நான் பை தேடுவதற்குள் அவளே காரின் பின்சீட்டில் கிடந்த என் நோட்டை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு வட்டங்களின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்தாள்.

"எட்டு மணிக்கே எழுதியிருக்கியேட்டி" என்றாள். கோபமே இல்லை. "நாலு வட்டம் போட்ருக்க. ஒரு வாய் சொல்லலியே."

அக்கா எட்டிப் பார்த்தார். எப்போதும் எதையாவது சொல்லிக் கிண்டல் செய்பவர், நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு மோர் வாங்கிவரப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தாலே தேவலை.

4 மணிக்குச் சர்க்கரை 226க்கு இறங்கியது. "மறுபடி மேல போலாமா? மருந்துதான் வந்துடுச்சே" என்று அக்கா கேட்டார். "ரூமுக்குப் போவோம்க்கா" என்றாள் மாரி. தயிர்சோறு வாங்கித் தந்து அவள் சாப்பிட்டு முடித்த பிறகு கிளம்பினோம். 7.40க்கு ஒரகடம். பெட்ரோல் மொத்தம் 2,300 ரூபாய். ஃபிரிட்ஜைத் திறந்தபோது கோழி செங்கல் மாதிரி இருந்தது. அந்த ஃபிரிட்ஜ் கேட்டதைக் கொஞ்சமும் பிசகாமல் செய்திருந்தது.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு. இந்த அளவு ஃபிரிட்ஜில் ஒரே அறைதான் இருக்கும். கறியை உறைய வைப்பதும் மருந்தைக் குளிரில் வைப்பதும் ஒன்றாக நடக்காது. இன்சுலின் எடுத்துப்போனால் 4 அல்லது 5 டிகிரியில் வையுங்கள், அடியிலோ சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள், அங்கே திரை காட்டுவதைவிடக் குளிர் அதிகம். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தனி தெர்மாமீட்டர் ஒன்றை மருந்தின் பக்கத்திலேயே போடுங்கள். பொத்தானைப் பூட்டும் வசதி சில ஃபிரிட்ஜில் உண்டு, பாருங்கள். பல கார்களில் என்ஜினை அணைத்தால் ஃபிரிட்ஜும் நின்றுவிடும். எவ்வளவு நல்ல ஃபிரிட்ஜானாலும் எல்லா மருந்தையும் அதிலேயே வைக்காதீர்கள், ஒரு பேனாவாவது கைப்பையில் இருக்கட்டும். முக்கியமாக, எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்பது வண்டியில் ஏறும் எல்லோருக்கும் கிளம்பும்முன் தெரிந்திருக்க வேண்டும். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடேயே சொல்லுங்கள்.

மாரி என்னோடுதான் இன்னும் இருக்கிறாள். ஒரே தட்டில் முறுக்கு சாப்பிடுகிறோம். அக்காவும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே அவளைச் சிரிக்க வைத்துவிட்டார். போன மாதம் ஹாஸ்டல் பெண்கள் வேன் பிடித்து ராமேஸ்வரம் போனார்கள், இரண்டு ராத்திரி. பேர் எழுதும் தாள் எங்கள் அறைக்கு வந்தபோது மாரி வாங்கிப் பார்க்காமலே என்னிடம் நீட்டினாள்.

"நீயும் வாயேன் மாரி" என்றேன்.

அவள் துவைக்கிற துணிகளைப் பக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். குத்திக்காட்டும் குரல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்: "வந்தா நீ பாத்துக்கிடுவியா?"

பார்த்துக்கொள்வேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்கு ஒரு நொடி தாமதித்துவிட்டேன். அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.