படத்தில் வாய் மூடாத பெரியம்மா

“உங்க பெரியம்மா போயிட்டாங்க. களி கிண்டிட்டிருந்தவங்க அப்படியே சுவத்துல சாஞ்சாங்க, அவ்வளவுதான்” என்று வண்டிக்காரர் வாசலில் நின்று சொன்னார். யாரையும் ஒரு வார்த்தை திட்டாமலா போனார் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. பென்னாகரம் போகிற வழியெல்லாம் அழுகையைவிடக் கோபமே அதிகமாக வந்தது. எமனிடமாவது கொஞ்சம் வாதாடியிருக்கலாம்.

முனியம்மாள் என் அம்மாவின் மூத்த அக்காள். தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் ஐந்தும் பெண்கள். ஆண் பிள்ளை இல்லை. கட்டிக்கொடுத்த பிறகும், தாத்தா காய்ச்சலில் படுத்தால் பெரியம்மாதான் வந்து, மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைப்பார். பொம்பளை மாடு ஓட்டலாமா என்று ஒருவர் கேட்டார். “மாடே கேக்கல, உனக்கென்னா?” என்றார் பெரியம்மா. கேட்டவர் பிறகு அந்தக் கிணற்றுப் பக்கம் வரவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு, தாத்தாவும் ஆயாவும் அரை நூற்றாண்டு சேர்ந்து வாழ்ந்ததற்காகக் குடும்பமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தவரும் அவரே. எங்கள் பக்கத்தில் அப்போது செத்தவர்களைத்தான் படம் எடுப்பார்கள். பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, தலை சாயாமல் மகன் பின்னால் நின்று பிடித்துக்கொள்வான். உயிரோடு எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொந்தமெல்லாம் பயமுறுத்தியது. “அம்பது வருசம் ஒண்ணா களி தின்னவங்களுக்கு ஒரு படத்துல என்னா கொறஞ்சிடும்?” என்று சொல்லி, தர்மபுரிக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

படக்காரர் வந்து இருவரையும் நாற்காலிகளில் உட்கார வைத்தார். தாத்தாவுக்குச் சமமாக உட்கார்ந்து பழக்கமில்லாத ஆயா, நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்த படக்காரர், பழக்க தோஷத்தில், “தலையப் புடிக்க மகன் யாருங்க?” என்று கேட்டுவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆயா தலைகுனிந்தார். தாத்தாவின் தம்பி தன் மகனின் முதுகைத் தட்டி, “போய் நில்லுடா. நாளைக்குக் கொள்ளி வெக்கறவன் நீதான்” என்றார். கொள்ளி வைப்பவனுக்குத்தான் நிலம் என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது. அவன் நகர்வதற்குள் பெரியம்மா நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்றார். ஒரு கை தாத்தாவின் தோளில், ஒரு கை ஆயாவின் தோளில்.

“அவங்க தலை தானா நிக்கும். இது எங்கப்பனும் எங்கம்மாவும் வாழ்ந்ததுக்கு எடுக்கற படம், சாவறதுக்கு இல்ல. தங்கச்சிங்களா, வாங்கடி எல்லாரும்!”

“பேசாதீங்கம்மா, அசையாதீங்க” என்று படக்காரர் கெஞ்சினார். தாத்தாவின் தம்பி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பெரியம்மா பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். படத்தில் எல்லோர் முகமும் தெளிவாக விழுந்தது. ஆயாகூட நிமிர்ந்திருந்தார். பேசிப் பேசி அசைந்ததில் பெரியம்மாவின் முகம் மட்டும் மங்கலாகக் கலங்கிப்போனது. தோள்களைப் பிடித்திருந்த கைகள் அசையவே இல்லை. இன்னொன்று எடுக்கலாம் என்றதற்கு, “பேசாத வாயில ஈதான் பூரும்” என்று மறுத்துவிட்டார்.

அதனால் அந்த ஒரு படம்தான் அவருக்கு. இப்போது சாவு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, அவர் மகன் படக்காரரை வரவழைத்திருந்தார். பெரியம்மாவை நாற்காலியில் சாய்த்திருந்தார்கள். தலையைப் பிடிக்க அண்ணன் எழுந்தார்.

“வேணாண்ணே. பெரியம்மா தலைய அடுத்தவங்க புடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?” என்றேன்.

“மொகம் வேணுமே, பாப்பா” என்று அழுதார்.

எனக்கும் வேண்டும்தான். அந்த முகம் மறந்துபோகுமோ என்று எனக்கும் பயம்தான். ஆனாலும் வாய் மூடிய பெரியம்மாவைச் சுவரில் மாட்டிவைக்க என்னால் ஆகாது. வெகுநேரம் கழித்து அண்ணன் படக்காரரை அனுப்பிவிட்டார்.

அவரை அறிந்தவர்களே, என்னிடம் இருப்பது அந்தப் பழைய படம். பார்க்கிறவர்கள், “இந்த மொகம் மட்டும் சரியா விழலையே” என்கிறார்கள்.

சரியாகத்தான் விழுந்திருக்கிறது. என் பெரியம்மா பேசிக்கொண்டிருக்கிறார்.