விரதக் கேக்

இரண்டு வருடங்களுக்கு முன், நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறி நாலைந்து நாள் போயிருக்கும். மானிப்பாயில் எங்கள் வீட்டில் ஒரு பின்னேரம் நடந்த சங்கதி இது. இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

என் மகள் குறைமாதப் பிள்ளை. எட்டாம் மாதம் தொடங்கும் முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து ஒரு வழியாக வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவில் இருந்த எல்லாருக்கும், ஒரே கவலை, இவளை எப்படித் தேற்றுவது என்பதுதான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஊர்க்கோழி முட்டையோடு வந்தார்கள். ஒரு வயதளவில் அவித்த முட்டையில் ஒரு கிள்ளு கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கிவிட்டது. முட்டை ஒவ்வாமை என்றார் டொக்டர். குறைமாதத்தில் பிறந்ததால்தான் வந்தது என்று சொல்ல முடியாதாம். ஆனால் நுரையீரல் கொஞ்சம் பலவீனம், மூச்சு இழுத்தால் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள் என்று எச்சரித்தார்.

இதை ஒழுங்கைக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "குறைமாசப் பிள்ளைக்கு முட்டை குடுக்காமல் என்னத்தைக் குடுத்து வளர்க்கப் போறாய்?" என்று என்னோடு சண்டைக்கே வந்தார்கள். ஆகவே நல்லூரில் கொடியேறினால் எனக்குத்தான் பெரிய கொண்டாட்டம். ஒழுங்கை முழுக்கச் சைவம். முட்டை என்ற பேச்சே இருக்காது. அந்த நாட்களில் மட்டும் நான் மகளைக் கொஞ்சம் அவிழ்த்து விடுவேன்.

அதிலும் பக்கத்து வீட்டு அன்ரி பள்ளிக்கூடத்தில் சைவசமயம் படிப்பிக்கிற ரீச்சர். திருவிழா முடியும்வரை ஒரு நேரச் சோறு, பின்னேரம் தேத்தண்ணியோடு ஏதாவது ஒரு கடி, அவ்வளவுதான். அந்த நாட்களில் அவர் வாசலில் நின்று கொக்கரிக்கக் கோழியும் பயப்படும். மகள் வேலிப் பொட்டுக்குள்ளால், அதுதான் வேலியில் இருந்த ஓட்டைக்குள்ளால், புகுந்து அவர் வீட்டுக்குப் போனபோது நான் நிம்மதியாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவள் இருமினாள். கழுத்தடியில் சிவப்புத் தடிப்பு. நான் பார்த்துக்கொண்டு நிற்கவே உதடு தடித்தது. நெஞ்சில் காதை வைத்தால் விசில் அடித்தது. துருவலையைத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு ஓடினேன்.

"அன்ரி! பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை, ஒரு துண்டு கேக்."

"ஐயோ, கேக்கிலை முட்டை எல்லோ!"

அன்ரிக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறாய்? நான் விரதம். உது முட்டை இல்லை, கேக்!"

பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி ஒழுங்கை முகப்பில் நின்ற ஓட்டோவை அவர்தான் கத்திக் கூப்பிட்டார். வீட்டைப் பூட்டவில்லை. ஆனால் கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். டொக்டருக்குக் காட்டவாம்.

வழி முழுக்க மகள் என் மடியில் மூச்சுக்குத் திணறினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ரி "முருகா, முருகா" என்று உருகிக்கொண்டு வந்தவர் திடீரென்று நிறுத்தி, "மெய்யாவே கேக்குக்கு முட்டை போடுறவையோ?" என்று கேட்டார். அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது எனக்கு.

முன்னாலிருந்து ஓட்டோக்காரத் தம்பி பதில் சொன்னான். "ஓம் அன்ரி, போடாமல் என்னண்டு பொங்கும்? பணிசுக்கு மேலை மினுங்குதெல்லோ, சில பேக்கரியிலை அதுவும் முட்டைதான்."

"நீ றோட்டைப் பார்த்து ஓடு!" என்று அன்ரி சீறினார். பணிஸ் என்கிற பேக்கரி பன்னும் அவருடைய விரதச் சாப்பாட்டில் ஒன்று என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மூச்சிழுப்பை எங்கள் ஊரில் முட்டு என்போம். ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு நாக்குக் குழறிவிட்டது. "முட்டுக்கு முட்டை... முட்டைக்கு முட்டு..." என்று உளறினேன். "ஆருக்கு முட்டு? உங்களுக்கோ, பிள்ளைக்கோ?" என்று தாதி கேட்டார். அன்ரி என்னை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனார். வகுப்புக்குக் கேட்கிற குரலில், "பிள்ளைக்கு முட்டை ஒத்துவராது. நான்தான் கேக் குடுத்தனான். கேக்கிலை முட்டை. இப்ப முட்டு!" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். விறாந்தையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

தொடையில் ஊசி ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் அடங்கியது. மகள் வாய்விட்டு அழத் தொடங்கினாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

மறுநாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். "டொக்டர், ஒரு சந்தேகம்," என்று அன்ரி மெதுவாகக் கிட்டப் போனார். "தெரியாமல் கேக் சாப்பிட்டால் விரதம் முறிஞ்சதெண்டுதானே அர்த்தம்?"

ஊரில் அவரைத் தெரிந்த டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது உங்கடை பாடமெல்லோ ரீச்சர்," என்றார்.

மகள் தூங்கும்வரை அன்ரி அவள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பிழை அவருடையது மட்டும் இல்லை. "முட்டை குடுக்காதேங்கோ" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, சொன்னது விளங்கிவிட்டது என்று நான் இருந்துவிட்டேன். எனக்கு முட்டை என்றால் கேக், பணிஸ், இன்னும் எத்தனையோ. அவர்களுக்கு முட்டை என்றால் கோது உடைத்து உரிக்கிற சாமான், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு பலகாரத்தையும் பெயர் சொல்லித்தான் சொல்கிறேன். அன்ரியோ கலியாண வீடுகளில் எனக்கு முன்னமே சமையல்காரரைப் பிடித்து விசாரணை வைக்கிறார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வீட்டுக்குப் போனதும் அந்த வேலிப் பொட்டை அடைத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அடைக்கவில்லை. அதை முன்பே அடைத்திருந்தால் என் பிள்ளைக்கு அந்தக் கேக் துண்டு கிடைத்திருக்காதுதான், ஆனால் அவள் தூங்கும்வரை காலை விடாமல் பிடித்திருந்த அந்தக் கையும் கிடைத்திருக்காது.