ஆரோக்கியதாஸ் அனுப்பிய படங்கள்

ஆவூரில் ஆரோக்கியதாஸ் வாத்தியார் வீடு எங்கே என்று கேட்டால், "அந்த வீம்பு பிடிச்ச மனுசனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எவரிடமும் வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டார். பந்தியில் ரசம் வராமல் போனால் வெறுஞ்சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார்.

பள்ளிக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது மற்ற ஆசிரியர்கள் அதைத் தொடப் பயந்தார்கள். இவர் பெயின்ட்பிரஷ் என்ற மென்பொருளில் படம் வரையப் பழகினார். அது படங்களைப் பிசிஎக்ஸ் என்ற வகைக் கோப்பாகச் சேமிக்கும். அந்த வகையை உலகம் கைகழுவி வெகுகாலம் ஆகிவிட்டது. வாத்தியார் மட்டும் விடவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, ரிப்பேர் பார்த்துப் பார்த்து இன்றும் அதில்தான் வரைகிறார். தன் வீட்டில் திறப்பது எல்லார் வீட்டிலும் திறக்கும் என்று நம்பினார்.

மனைவி அடைக்கலமேரி இறந்த பிறகு வீட்டில் அவர் ஒற்றை ஆள். ஒரே மகள் ஷர்லி குவைத்தில் நர்ஸ். அம்மா அடக்கத்துக்கு வந்துபோனவள்தான், பிறகு வரவில்லை. போனில் நலம் விசாரிப்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. அதனால் சொல்ல நினைத்ததை அவர் வரைந்தார். பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, மாத்தூர் பிரவுசிங் சென்டரில் கொடுத்து மெயிலில் அனுப்பச் சொல்வார். காற்றில் முருங்கை சாய்ந்தது, அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடித்தது, காய்ச்சலோடு தானே கஞ்சி வைத்துக் குடித்தது, எல்லாமே படமாகப் போயின.

ஷர்லியின் செல்போனில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. முதல் படத்துக்கே அதைச் சொல்லியிருக்கலாம். அப்பா மனசு கஷ்டப்படும் என்று, "நல்லா இருக்குப்பா" என்றுவிட்டாள். ஒரு தடவை சொன்னதைப் பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை. அவளை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, கோபமாகவும் வருகிறது. விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டிருந்தால் திறந்து காட்டியிருப்பார்.

ஈஸ்டரையொட்டி ஆவூரில் நடக்கும் பாஸ்கா நாடகத்துக்கும் தேருக்கும் கடல் கடந்து போனவர்களும் ஊர் வந்துவிடுவார்கள். பெற்ற பிள்ளையே ஆனாலும் வீட்டுப் பெரியவர் முறைப்படி அழைக்கவேண்டும். இந்த வருஷம் எப்படியாவது அழைத்துவிட வேண்டும் என்று வாத்தியாருக்கு ஆசை. ஆனால் வாய் வரவில்லை. கோயிலையும் தேரையும் வரைந்தார். வாசலில் தான் தனியாக உட்கார்ந்திருப்பதையும் வரைந்து, மேலே எழுதினார்: 'பாஸ்காவுக்கு வா ஆத்தா. தனியா இருக்க முடியல.' அவர் ஆயுசில் ஒருவரிடம் கேட்ட முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த தடவை ஷர்லி போன் பண்ணியபோது படம் வந்ததா என்று கேட்டார். வந்தது, ரொம்ப நல்லா இருக்கிறது என்றாள்.

"அப்ப சரிதானேத்தா?"

"சரிப்பா."

அவருக்கு அது போதும். என்றைக்கு வருகிறாய் என்று துருவிக் கேட்பது அவர் சுபாவம் இல்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். மெத்தையை வெயிலில் காயப்போட்டார். பக்கத்து வீட்டுத் திலகவதியிடம், மகள் வருகிறாள் என்று தானாகவே போய்ச் சொன்னார். அந்த மனிதர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று திலகவதி தெருவெல்லாம் சொன்னாள்.

ஈஸ்டர் அன்று காலையிலிருந்து ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து பார்த்தார். தேர் கிளம்பும் நேரத்துக்குப் போன் வந்தது. ஷர்லி வாழ்த்துச் சொன்னாள். எங்கே இருக்கிறாய் என்றார். டூட்டியில் இருக்கிறேன் என்றாள்.

வெளியே வேட்டுச் சத்தம் கேட்டது.

"நா கடைசியா அனுப்புன படத்துல என்னாத்தா இருந்துச்சு?"

அவள் மெல்லச் சொன்னாள்: "பூவுதானேப்பா?"

"ஆமாத்தா. பூவுதான்."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். தேர் பார்க்கக் கிளம்பிய திலகவதி, ஷர்லி எங்கே என்று கேட்டாள்.

"லீவு குடுக்கலயாம்," என்றார். "இங்கிட்டு வரமுடியலன்னு போன்ல ஒரே அழுக."