அருவி வறண்ட மாதத்தில் சொன்ன பொய்

எவாக்வி. ரங்கூனில் குண்டு விழும்வரை அந்த இங்கிலீஷ் வார்த்தையை நான் கேட்டதில்லை. ஜப்பான்காரன் வந்தான், தம்பியும் நானும் அரக்கான் மலையேறி நடந்தோம். சிட்டகாங் முகாமில் அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். இருந்த ஊரிலிருந்து கிளப்பிவிடப்பட்டவன் என்று அர்த்தமாம். கிளம்பியவன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பது அந்த வார்த்தைக்குள் இல்லை.

காகிதத்தில் இரண்டு பேர் என்றிருந்தது. நான்தான் அப்படிச் சொன்னேன். வழியில் காய்ச்சல் கண்ட தம்பியை மூங்கில் கொட்டகையில் படுக்கவைத்துத் தண்ணீர் தேடிப் போனேன். திரும்பி வந்தால், அவன் இடத்தில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். முன்னால் போயிருப்பான் என்று நடந்தேன். முகாமில் இல்லை. சரி, பின்னால் வருவான்.

தென்காசி, அப்பா பிறந்த ஊர். எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். மொட்டைக் கோபுரம் தெரிகிற சந்தில் ஓர் அறை கிடைத்தது. தெருவுக்கு நான் 'எவாக்வி அண்ணாச்சி'. தம்பியோடு சண்டை என்றால் பர்மிய பாஷையில்தான். இங்கே அதில் திட்ட ஆளில்லை. கிணற்றுக்குள் குனிந்து ஒரு வசவைச் சொல்லிப் பார்த்தேன். என் குரலிலேயே திரும்பி வந்தது.

சித்திரையில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா எவாக்விப் பதிவேட்டோடு வந்தார்.

"ரெண்டுன்னு இருக்கு. இன்னொரு ஆள எங்க வே?"

"குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிருக்கான்."

"சித்திரையிலயா? அங்கன வெறும் பாறைல்லா கெடக்கு! எதுல குளிக்குதான், வெயில்லயா?"

எதிர்வீட்டு அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "ரங்கூன்காரவுகளுக்குச் சீசன் தெரியுமா, பாவம்!"

ஊரில் பிறந்த எவனும் சொல்லியிருக்க மாட்டான் அந்தப் பொய்யை. குமாஸ்தாவும் சிரிக்கத்தான் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சாரல் விழட்டும். அப்போ வாரேன்."

ஆனியில் சாரல் விழுந்தது. ஊரே அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட, நான் ஒருவன் பயந்தேன். மறுநாள் காலையில் குற்றாலத்துக்கு நடந்தேன். என் பொய்யைப் போய்ப் பார்த்துவிடலாம் என்று.

"உக்காருங்க அண்ணாச்சி," என்றார் அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர். "தனியாவா வந்திய?"

"தம்பி குளிச்சிட்டிருக்கான்."

"வரட்டும், அவுகளுக்கும் தேச்சிருவோம்." கிண்ணத்தில் பாதி எண்ணெயை மீதி வைத்தார்.

அருவிக்குள்ளிருந்து வெளியே வந்த ஒவ்வொரு தலையையும் பார்த்தேன். கூச்சலும் ஈரமுமாய், எல்லாரும் யாருடைய தோளையோ பிடித்தபடி வந்தார்கள். உச்சி வெயில் நேரத்தில் அவரே மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, ஆளு நெசமாவே உள்ள இருக்காகளா?"

எழுந்து போய் அருவியில் நின்றேன். அழுதால் கேட்காத இடம் அது.

தலை துவட்டாமல் வீடு திரும்பினேன். படியில் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார், மடியில் பதிவேடு.

"தம்பி வந்தாச்சா வே?"

"ஒரு ஆளுதான்," என்றேன்.

பேனாவைத் திறந்தார். பிறகு அதை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து, 'இரண்டு' என்றிருந்ததை அழித்தால் போகிற மாதிரி லேசாக அடித்தார்.